வெள்ளிக்கிழமைத் தபால்

தபால்காரர் எலியேசர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே இரண்டு உறைகளை நீட்டினார்.

“ரெண்டும் உங்கக்காவுக்குத்தான் பாப்பா. ஒண்ணுக்குக் கையெழுத்து வாங்கணும்.”

கதவு இடுக்கு வழியாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஜுலைகா லாத்தா நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

பதிவுத் தபாலில் வந்தது தலாக். ஜாபர் மச்சான் எழுதியிருந்தார். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை என்று காரணம் போட்டிருந்தது. அவருடைய உம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது போல இருந்தது.

இன்னொன்று டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு. ஆறு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்த லாத்தா, யாருக்கும் சொல்லாமல் போட்ட மனு. கார்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பட்டணத்தில் இருக்க வேண்டும்.

அன்றுதான் வெள்ளிக்கிழமை. மணி பத்தரை.

லாத்தா தலாக்கை ஒரு முறை படித்தாள். கார்டை நான்கு முறை படித்தாள். பிறகு என் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

உம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து போய், பின்கட்டு அறையிலிருந்து டிரங்குப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்க ஆரம்பித்தாள்.

லாத்தா இத்தா இருக்க இடம் வேண்டுமே. தலாக் ஆன பெண் மூன்று மாதம் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும்.

“வேலையாம் வேலை. ஊர் பேர் தெரியாத ஆம்பளைங்களுக்கெல்லாம் ஹலோ சொல்லணுமா?”

“அவங்களுக்கு என் மூஞ்சி தெரியாது உம்மா. கோஷாவுல இருக்குற மாதிரிதான்.”

“சிரிக்காதடி. மூணு மாசத்துக்கு நீ வாசப்படி தாண்டக்கூடாது.”

மூன்று மாதம் கழித்து அந்தக் கார்டு வெறும் காகிதம். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது லாத்தாவுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும்.

வாப்பா ஜும்மாவுக்காகக் குளித்துவிட்டு, தாடியைத் துவட்டிக்கொண்டே வந்தார். முடிச்சூர் ரோட்டில் இருந்த எங்கள் பெட்டிக் கடை வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்குப் பிறகுதான் திறக்கும். அவர் கோபப்படவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டார்.

“மார்க்கத்துல என்ன இருக்கோ, அதுதான். சாஜிதா, புத்தகத்த எடு.”

எங்கள் ஷாஃபி மத்ஹபுச் சட்டங்களைத் தமிழில் எழுதியிருக்கும் தடித்த புத்தகம். வாப்பாவுக்குக் கண்ணில் புரை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான்தான் வீட்டில் வாசித்துக் காட்டுகிறவள். அந்த நேரம் தவிர அவர் முன்னால் நான் குரல் எழுப்பியதில்லை.

இத்தா அத்தியாயத்தை எடுத்தேன். தலாக் ஆனவளுக்கு இவ்வளவு காலம், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை, புருஷனை இழந்தவளுக்கு இவ்வளவு என்று வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் உம்மா, “கேட்டுக்கோ” என்றாள்.

லாத்தா கண்ணாடி முன்னால் நின்று தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

“அடுத்த பக்கம். கடைசிப் பத்தியப் படி.”

பக்கத்தைத் திருப்பினேன். கண் முந்திக்கொண்டு ஓடியது. வழி கிடைத்துவிட்டது. சத்தமாகவே வாசித்தேன்.

“கணவன் மனைவியாகக் கூடுவதற்கு முன்பே தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு இத்தா இல்லை.”

வாப்பாவுக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னும் சத்தமாக இரண்டாம் முறை வாசித்தேன். பாதி வரியில்தான் எனக்குப் புரிந்தது. குரல் தானாக இறங்கிவிட்டது.

உம்மா இழுத்துக்கொண்டிருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

“மூணு வருஷமாவாடி?”

“என்னை நல்லாத்தான் வச்சிருந்தாரு உம்மா. அவரு மானத்த நான் ஏன் வாங்கணும்?”

“அத்தனை பேரும் மலடின்னாங்களே. அப்பக்கூடவா வாயத் தொறக்கல?”

லாத்தா ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

வாப்பா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஜும்மாவ விட்டுட்டு நான் வர முடியாது,” என்றார். “பட்டணத்துக்குத் தனியா எப்படிப் போவே?”

அவள் போவதா வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. அதை நான்தான் முதலில் கவனித்தேன்.

“சாஜிதா வர்றா,” என்றாள் லாத்தா, எப்போதோ முடிவாகிவிட்ட காரியம் போல.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“பதினொண்ணரைக்கு ஒரு வண்டி இருக்கு,” என்றார்.

செருப்பைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டிக் கிடந்தது. நான் வயதுக்கு வந்து வீட்டோடு நின்ற அன்று கழற்றி விட்டது. இரண்டு வருடத் தூசியைத் தட்டிவிட்டுக் காலை நுழைத்தேன். குதிகால் இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அப்படியே போய், லாத்தாவுக்கு முன்னால் வாசலில் நின்றேன்.