இடிக்கக் கூடாத வீடு

“முடியாது,” என்றார் தலைவர்.

கூட்டத்தில் ஒருத்தரும் நிமிரவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. எனக்குச் செயலாளர் என்று ஒரு பட்டம். தீர்மானம் எழுதுவதும், நாற்காலி அடுக்குவதும், மறுநாள் கடைத்தெருவில் ஏச்சு வாங்குவதும்தான் வேலை.

எதிரே நின்றது தையல்கார அக்காவும் அவள் தம்பியும். தம்பி நகரத்தில் இன்ஜினியர். பழைய தெருவில் இருக்கிற பூர்வீக வீட்டை இடித்துவிட்டு நாலு மாடி கட்ட வேண்டும் என்று இந்த வருஷம் முழுக்க எங்களிடம் நடையாய் நடக்கிறார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஊர் வளர வேணாம்னா சொல்றோம்? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எத்தனை மாடி வேணும்னாலும் கட்டுங்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கதானே வந்திருக்கு? பழைய தெருவுல நூறு வருஷத்துத் தூண் நிக்கிற வீட்டை மட்டும் தொடக்கூடாது. ஊரே சேர்ந்து போட்ட விதி.”

“சார், நான் எனக்காகக் கேக்கலை. எங்க அம்மா போனப்போ நான் கைக்குழந்தை. மிஷினை மிதிச்சு மிதிச்சு என்னைப் படிக்க வெச்சது இந்த அக்காதான். இன்னமும் அந்த இருட்டு ரூம்ல உக்காந்து ஊரான் துணியைத் தெச்சிக்கிட்டிருக்கா. இடிச்சுக் கட்டினா வாடகை வரும். அக்காவும் என்கூட வந்து நிம்மதியா இருப்பா.”

அக்கா கையைக் கூப்பினாள்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்ண்ணே. என் தம்பி ஆசைப்படறான். அவன் ஆசையைக் கெடுத்துடாதீங்க.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். சாதாரண அழுகை இல்லை, தேம்பித் தேம்பி அழுதாள். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பொருளாளர்கூட எழுந்து உட்கார்ந்து, “பாவம், இந்த ஒரு தடவை விட்டுடலாமே சார்?” என்றார்.

நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தலைவர் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

“அழுதா விதி மாறாது. அடுத்த விஷயத்துக்குப் போலாம்.”

“நீங்கல்லாம் மனுஷங்களா?” தம்பிக்குக் குரல் உடைந்துவிட்டது. “ஒரு தூணுக்கு இருக்கிற மரியாதை எங்க அக்காவுக்கு இல்லையா சார்?”

அக்காவைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தத் தூண் கதை எனக்குத் தெரியும். நூறு வருஷமாவது, மண்ணாங்கட்டியாவது. கரையான் அரித்த பழைய மரத்தூண்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சிமெண்டில் வார்த்து மரக்கலர் அடித்தவர் கொத்தனாராக இருந்த என் மாமனார். தம்பிக்கு அப்போது நடக்கக்கூடத் தெரியாது. தூணைத் தட்டிப் பார்க்க அவருக்கு இன்றுவரை தோன்றவும் இல்லை.

எல்லோரும் போனதும் தலைவரைப் பிடித்துக்கொண்டேன்.

“சார், அது சிமெண்டுத் தூண். நம்ம விதி அந்த வீட்டுக்குச் செல்லாது.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா இப்படிப் பண்றீங்க?”

“தெரிஞ்சேதான்.”

அவர் பாட்டுக்கு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்தவரைக் கெஞ்ச வைத்து வேடிக்கை பார்ப்பதில் இந்த மனுஷனுக்கு ஒரு சுகம்போல. இவருக்கா இத்தனை நாள் பரிந்து பேசினோம் என்று எனக்கு வெறுத்தே போய்விட்டது.

“நாளைக்கே அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடறேன் சார். அப்புறம் இந்தச் செயலாளர் வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆளை விடுங்க.”

“தாராளமா சொல்லும்மா. அதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கோ.”

திரும்பினேன். வாசலில் தையல்கார அக்கா. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“தம்பி காரைத் திருப்பிட்டிருக்கான். குடையை விட்டுட்டேன்னு சொல்லிட்டு ஓடி வந்தேன்,” என்றவள் தலைவர் பக்கம் போனாள். “ரொம்பப் பேசிட்டான். மனசுல வெச்சுக்காதீங்கண்ணே.”

“அதை விடு. நீ அந்த அழுகை அழுதா எப்படிம்மா? எனக்கே ஒரு நிமிஷம் ஆட்டம் கண்டுடுச்சு. சரின்னு சொல்லியிருப்பேன்.”

“அழுகை நிஜம்தாண்ணே. அவன் ஆசையா கேக்கறப்போ எனக்கு மனசு தாங்கலை.”

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வீட்டையும் மிஷினையும் விட்டுட்டு, அவன் வீட்டுல ஒரு மூலையில போய் உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்மா. அதை நான் சொன்னா, அக்காவுக்கு ஒண்ணும் செய்ய முடியலையேன்னு உடைஞ்சுபோயிடுவான். அவன் கேட்டு நான் எதையும் இல்லைன்னு சொன்னதே இல்லை. அதான் அண்ணன்கிட்ட வந்து, எனக்காக நீங்க சொல்லிடுங்கன்னு காலைப் பிடிச்சேன்.”

நியாயம் பேசுகிறேன் பேர்வழி என்று இந்த அக்காவை வீட்டைவிட்டே கிளப்பப் பார்த்தேனே.

கீழே ஹார்ன் சத்தம். அக்கா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தலைவர் ஜன்னலைச் சாத்தப் போனார். தெருவிலிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

“கல்நெஞ்சுக்காரன்டா தம்பி அந்த ஆளு. நீ மனசை விட்டுடாதே, அடுத்த கூட்டத்துக்கும் வந்து கேட்டுப் பாப்போம்.”