அண்ணனின் ஆம்ப்ளிஃபயர்

"ஒரு தடவை கரண்ட் குடுத்துப் பாத்துட்டுத் திறந்தா என்னங்க?" என்றாள் மனைவி.

"செத்துப்போச்சுன்னு அவரே சொல்லிட்டாருல்ல? அப்புறம் என்ன நாடி புடிச்சுப் பாக்கிறது?" என்றபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான் மெக்கானிக்.

மேஜை மேல் அவனுடைய அண்ணனின் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. வெள்ளி நிற முகப்பு, கைக்கு அடக்கமான வால்யூம் குமிழ், கண்ணாடிக்குள் பாட்டுக்கு ஏற்றபடி ஆடும் இரண்டு முட்கள். இந்த மாதிரிப் பழைய பெட்டிகளின் குடலை உருவிவிட்டு உள்ளே கம்ப்யூட்டர் கட்டுவதில் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பேர் உண்டு. அதைக் கேள்விப்பட்டுத்தான் அண்ணன் இதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவன் கடையில் இருந்த நேரமாகப் பார்த்து.

"என்ன சொன்னாரு? இன்னொரு தடவை சொல்லு."

"'முள்ளு மட்டும் ஆடுது, சத்தம் வரல. சின்னவன் இதுக்குள்ள கம்ப்யூட்டர் வெச்சுக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன்'னாரு. உள்ள வாங்க மாமான்னு நான் கூப்பிடக் கூப்பிட விறுவிறுன்னு போயிட்டாரு."

"அதான் அவரு. யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு. தலைக்கனம்!"

போன வருடம் பஸ் ஸ்டாப்பில் அண்ணனைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து "அண்ணே, அண்ணே" என்று நான்கு தடவை கூப்பிட்டான் மெக்கானிக். அவர் பாட்டுக்கு நடந்து போய்விட்டார். கூட நின்ற கடைக்காரர்கள் சிரித்தார்கள். அன்று ராத்திரி போன் செய்தான், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. சரி, உறவு வேண்டாம் என்றால் போகட்டும் என்று அவனும் விட்டுவிட்டான். அண்ணி இறந்த பிறகு அண்ணன் தனியாள். அந்த வீட்டுப் படியை இவன் மிதித்து ஒரு வருடம் ஆகிவிட்டது.

"முள்ளு ஆடுதுன்னா உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்?" மனைவி விடவில்லை. "கோவத்த பெட்டி மேல காட்டாதீங்க. தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க? இவ்வளவு கனத்த, இந்த வயசுல தூக்கிட்டு வந்திருக்காரு மனுஷன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைக்கு எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் கரண்ட் கொடுத்துப் பார்க்காமல் அவன் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டான். இந்தப் பெட்டிக்கு மட்டும் அந்த மரியாதையைக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. சின்ன வயதில் இதன் பக்கத்தில் போனாலே அண்ணன் தலையில் குட்டுவார். தகரப் பட்டறையில் பகலெல்லாம் சுத்தியல் அடித்துவிட்டு வருபவருக்கு இதுதான் உயிர். அதை அறுக்கச் சொல்லி அவரே கொடுத்தது, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

வால்யூம் குமிழ் கடைசிவரை திருகியபடியே இருந்தது. அதைக் கழற்றப் போனவனின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பத்தாம் வகுப்பில் தோற்று அழுதுகொண்டு வந்த நாளில், அண்ணன் திட்டவில்லை. அவன் கையைப் பிடித்து இந்தக் குமிழின் மேல் வைத்து, "இன்னிக்கு நீ திருகுடா" என்றார்.

வருத்தமாக இருந்தது. வருத்தப்படுகிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. கட்டரை எடுத்து ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டினான். சாயங்காலத்துக்குள் உள்ளே இருந்ததெல்லாம் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வந்துவிட்டார்.

"முடிச்சிட்டியாடா சின்னவனே!" வாசலிலேயே, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

"வரும்போதே அதிகாரத்தப் பாரு" என்று முணுமுணுத்தான் மெக்கானிக்.

"உக்காருங்க மாமா, காபி கொண்டு வரவா?" என்றாள் மனைவி.

அவர் நேரே மேஜைக்குப் போனார். குனிந்து, கைக்குட்டையால் முகப்பைத் துடைக்க ஆரம்பித்தார். குமிழ் பழையபடி முகப்பில் பொருத்தப்பட்டிருந்தது. கண்ணாடிக்குள் அதே முட்கள் இருந்தன. கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டால் ஆடுகிற மாதிரி அவற்றை இணைத்திருந்தான் தம்பி. என்ன இருந்தாலும் வேலையில் அவன் குறை வைக்க மாட்டான்.

குனிந்திருந்த முதுகைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. அண்ணன் ரொம்ப இளைத்திருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல அத்தனை தடவை கூப்பிட்டேனே, ஏண்ணே திரும்பிக்கூடப் பாக்கல?" ஒரு வருடமாகத் தொண்டையில் கிடந்த கேள்வி.

அண்ணன் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? அதையாவது சொல்லுங்க!"

கைக்குட்டை முகப்பிலிருந்து குமிழுக்கு நகர்ந்தது. மனைவி, விடுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். இவ்வளவு இறங்கி வந்து கேட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாரே! மெக்கானிக்குக்குக் கோபம் தலைக்கேறியது. பேச்சுதான் கிடையாது, பாட்டையாவது கேட்டுத் தொலையட்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைத் தட்டிவிட்டு, குமிழைக் கடைசிவரை திருகினான்.

மூலையில் இருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் அலறின. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து கையை ஆட்டித் திட்டினார்.

அண்ணன் மட்டும் அசையவில்லை. கொஞ்ச நேரம் முட்களையே உற்றுப் பார்த்தவர், மெல்லத் திரும்பித் தம்பியின் தோளில் கை வைத்தார். அந்தப் பாட்டையும் மீறி ஒலித்தது அவர் குரல்.

"மனசு கஷ்டப்படாதடா சின்னவனே, இந்தப் பெட்டியோட ராசி அப்படி. பாரு, இப்பவும் முள்ளு மட்டும்தான் ஆடுது, சத்தம் வரல!"