ஜெனிலாவின் ப்ராக்ஸி

ஜெனிலா கல்லூரியை விட்டுக் கூடைப்பந்து லீக்கில் சேர்ந்து நூற்று நாற்பத்துமூன்று நாட்கள் ஆகியிருந்தன. படிப்பு பாதியில் நிற்கக் கூடாதென்று, அவள் முகமும் குரலும் கொண்ட ஒரு ப்ராக்ஸி ரோபோவை லீக்கே வகுப்புக்கு அனுப்பியிருந்தது. ஜெனிலாவின் அறைத்தோழி தில்ஷாத்தின் பக்கத்தில்தான் அது தினமும் உட்காரும்.

இன்று மேடம் ஜெனிலாவின் பெயரைக் கூப்பிட்டதும் அது எழுந்து, “ஆப்சென்ட், மேம்,” என்றது.

வகுப்பே சிரித்தது. தில்ஷாத்தும் சிரித்துக்கொண்டே அதன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“ஏய், ப்ரசென்ட் சொல்லுடி. ஞாயித்துக்கிழமை லீவுல வர்றா. அட்டெண்டன்ஸ் போச்சுன்னா என்னைத்தான் கொன்னுடுவா.”

அது உட்காரவில்லை. ஜெனிலாவின் குரலிலேயே மெதுவாகச் சொன்னது:

“உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் நான் ப்ரசென்ட் சொல்லலாம், தில்ஷு. காலையில பிராக்டிஸ்ல விழுந்த ஜெனிலா எழுந்திருக்கவே இல்ல.”