சூடேறாத கம்பி

நீஷ் நகரத்து ராடிசா, இனி என் கையால் செய்த மின்சிகரெட்டைத்தான் இழுப்பேன் என்று சபதம் செய்து மூன்று மாதமாகிறது. அதன் கம்பி ஒரு நாளும் சூடேறவில்லை.

"பேட்டரி மாத்தியாச்சு, சுவிட்ச் மாத்தியாச்சு. நான் சுத்தின டேப்புல தப்பே வராது. அப்புறம் என்னதான் கோளாறு?"

"ஜன்னல் திறந்திருக்கு, காத்தடிச்சா எப்படிங்க சூடேறும்," என்றாள் மனைவி ஸ்டானா, குடைமிளகாய் சுட்டபடி.

அவசரமாகச் சாத்தினார். ம்ஹூம்.

"நான் வேணா பாக்கட்டுமா?"

"உனக்கென்னடி தெரியும்? மிளகாயைப் பாரு!"

மாலையில் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் பாராட்டினார்: "நெஞ்சு தெளிஞ்சிருக்கு. புகையை விட்டுட்டீங்களே!"

"நான் எங்க விட்டேன்? அது எரிஞ்சாத்தானே!"

வீடு திரும்பி அவர் குளிக்கப் போனதும், ஸ்டானா டேப்பைப் பிரித்தாள். மூன்று மாதம் முன்பு அவள் வெட்டிவிட்ட கம்பி அப்படியே இருந்தது. ரேடியோ ஆலையில் இருபது வருஷம் கம்பி பற்றவைத்தவள், டேப்பை மறுபடி கச்சிதமாகச் சுற்றினாள்.

"ஜன்னலைச் சாத்தினியா?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"சாத்திட்டேங்க!"