ஸ்பானிஷ் படித்த மாப்பிள்ளை

"காலேஜுல ஸ்பானிஷ் படிச்சுட்டு வா மாப்ளே. மணிலாவுல இருக்குற ஸ்பானிஷ்காரங்களுக்கு நம்ம அம்மாபேட்டைத் தறித்துணி அனுப்புற யாவாரம் உனக்கு. எம் பொண்ணு அந்தோணிமேரியும் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார் தாய்மாமன் சவரியார்.

தோமினிக் படித்து முடித்துச் சேலம் திரும்பினான். மணிலாவிலிருந்து வந்த இளம் ஸ்பானிஷ்கார வியாபாரிக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, இருவர் பேச்சையும் மொழிபெயர்த்தான். பேரம் படிந்தது.

"இன்னும் ஒண்ணு மாப்ளே. எம் பொண்ணைக் கட்டிக்கறாரான்னு கேளு."

தோமினிக் அதிர்ந்துபோனான். "என்ன மாமா இது? என்னையே கேக்கச் சொல்றீங்களே!"

"வேற யாருக்கு அந்தப் பாஷை தெரியும்?"

அவளாவது மறுப்பாள் என்று கதவோரம் நின்ற அந்தோணிமேரியைப் பார்த்தான்.

அவள் வியாபாரியிடம் தெளிவான ஸ்பானிஷில் சொன்னாள்: "அப்பா என்னை உங்களுக்குத் தர நினைக்கிறார். எனக்குச் சம்மதம்."

விடுமுறைதோறும் அவளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவன் தோமினிக்தான்.