அரைச் சட்டிக் கலவை

கதிரேசன் தோட்டத்துச் சுவருக்குத் தானே சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தான். அவனுடைய அண்ணன் இறந்துவிட்ட செய்தியைப் போனில் கேட்டுவிட்டு வேணி பின்வாசலில் வந்து நின்றாள். கலவை இறுகிவிடும், சட்டியில் இருப்பது தீரட்டும், பிறகு கணவனிடம் சொல்லலாம் என்று நினைத்தாள்.

"யாருடி போன்ல?"

"ராங் நம்பருங்க."

"இங்க பாரு, எங்கயாவது மேடு பள்ளம் இருக்கா? கொத்தனாருக்குத் தம்பியா பொறந்துட்டு கரணை பிடிக்கத் தெரியலயேன்னு நக்கல் பண்ணுவாருல்ல எங்கண்ணன்? ஞாயித்துக்கிழமை வந்து தடவிப் பாக்கட்டும்."

அவன் முகத்தில் இத்தனை சந்தோஷத்தை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"இன்னும் அரைச் சட்டி கலந்து குடு, முடிஞ்சிரும்."

வேணி மண்வெட்டியை எடுத்து மணலை அள்ளிக் கொட்டினாள். அரைச் சட்டிக்கு வேண்டிய அளவு எப்போதோ தாண்டிவிட்டது. அவள் இன்னும் அள்ளிக்கொண்டிருந்தாள்.