வீடு தேடிய வாரம்

"இன்னுமா வீடு கிடைக்கல?" குத்தாலத்திலிருந்து வாட்ஸ்அப் காலில் அலுத்துக்கொண்டாள் அம்சவல்லி. "அமெரிக்காவுல அந்தத் துல்சாவுல வாடகை கம்மி, வீடும் சட்டுனு கிடைக்கும்னு நீதானடி சொன்னே?"

"ஒரு வாரமா அலையறேம்மா. இன்னைக்குப் பார்த்த வீடும் போச்சு," என்றாள் மகள் கயல்விழி எரிச்சலோடு.

"ஏன், என்னவாம்?"

"என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டாங்க. மீனு, கறி எல்லாம்னேன். யோசிச்சுச் சொல்றோம்னு கதவைச் சாத்திட்டாங்க."

"வெள்ளைக்காரங்களுக்கு நம்ம மீன் வாசனை ஆகாது போலிருக்கு. சமைக்கவே மாட்டேன்னு சொல்லிப் பாரேன்."

"அதையும் சொல்லிட்டேம்மா!"

அப்போது கயல்விழியின் பக்கத்தில் ஒரு குரல் ஓங்கி ஒலித்தது. "கும்பகோணம், குத்தாலம், மாயவரம்! ஏறுங்க, ஏறுங்க!"

அம்சவல்லி திடுக்கிட்டாள். "ஏய், நீ எங்கடி இருக்கே?"

கயல்விழியால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல. இங்க காலேஜ்ல வேலை கிடைச்சிருக்கும்மா. வீட்டுச் சாவியை வாங்கிட்டு, உன்னைக் கூட்டிட்டுப் போக நேர்ல வந்து நிக்கலாம்னுதான் சொல்லல."

"அப்ப துல்சாவுல வீடு தேடலையா?"

"அங்க போன புதுசுல சம்பளச் சீட்டைப் பார்த்தாங்க, நாய் வளக்கிறியான்னு கேட்டாங்க. அன்னைக்கே சாவியைக் குடுத்துட்டாங்க. இங்கதாம்மா, குத்தாலத்துல எந்தத் தெருன்னு கேக்கறாங்க. சொன்னதும் வீடு இல்லைங்கறாங்க."

அம்சவல்லி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அங்கேயே இரு. அடுத்த பஸ்ல வர்றேன். எந்தத் தெருன்னு என்கிட்ட கேக்கட்டும்."